ஆப்பிள் – சாம்சங் வழக்கு, 2012: ஜூரித் தலைவர் சொல்லாமல் விட்டதும், பிறகு சொன்னதும்

#1 தேர்முட்டி

எல்லாருக்கும் வணக்கம். இந்த வழக்கைப் பற்றி இங்கே முன்பு பேசியவர்கள் பெரும்பாலும் யார் யாரைக் காப்பியடித்தார் என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். எனக்கு உறுத்துவது வேறு விஷயம். அதற்காகத்தான் தனி இழை.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். தன் போன், டேப்லெட் காப்புரிமைகளை மீறியதாக 2011 ஏப்ரலில் சாம்சங் மேல் ஆப்பிள் வழக்குப் போட்டது. 2012 ஜூலை 30 அன்று கலிஃபோர்னியாவின் சான் ஹோசே ஃபெடரல் நீதிமன்றத்தில், நீதிபதி லூசி கோ முன்னால் ஜூரர்களை, அதாவது வழக்கைக் கேட்டு முடிவு சொல்லும் பொதுமக்களை, தேர்ந்தெடுத்தார்கள். ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது ஜூரர்கள் ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னார்கள். ஆப்பிளுக்கு சாம்சங் ஏறக்குறைய 105 கோடி டாலர் தர வேண்டும். சாம்சங் போட்ட எதிர்வழக்கில் அவர்களுக்கு ஒரு காசுகூட இல்லை.

ஜூரர் தேர்வில் நீதிபதி எல்லாரையும் பார்த்துக் கேட்ட கேள்விகளில் ஒன்று: நீங்களோ, குடும்பத்தாரோ, ரொம்ப நெருங்கியவர்களோ எப்போதாவது ஒரு வழக்கில் வாதியாகவோ பிரதிவாதியாகவோ சாட்சியாகவோ இருந்ததுண்டா? பிறகு ஜூரித் தலைவரான மனிதர் பதில் சொன்னார். ஒரு மென்பொருள் யாருக்குச் சொந்தம் என்று தன் முன்னாள் ஊழியரோடு நடந்த 2008 வழக்கைச் சொன்னார். அதோடு நிறுத்திக்கொண்டார்.

சொல்லாமல் விட்டது இது. அவர் ஹார்ட் டிஸ்க் தயாரிக்கும் சீகேட் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். கொலராடோவிலிருந்து கலிஃபோர்னியாவுக்கு வீடு மாறியபோது, பழைய வீட்டுக் கடனில் ஒரு பங்கை நிறுவனம் ஏற்பதாகப் பேச்சு. வேலை போன பிறகு அந்தப் பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். தகராறு முற்றி 1993இல் ஒருவர் மேல் ஒருவர் வழக்குப் போட்டுக்கொண்டார்கள். அந்த வருஷக் கடைசியில் வீட்டைக் காப்பாற்ற அவர் திவால் மனுக் கொடுத்தார்.

சீகேட்டுக்கும் சாம்சங்குக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். சாம்சங்கின் ஹார்ட் டிஸ்க் தொழிலை 2011இல் சீகேட் வாங்கியது. விலையில் ஒரு பகுதியைப் பங்காகக் கொடுத்தது. ஆக வழக்கு நடந்தபோது சீகேட்டில் சுமார் 9.6% சாம்சங் கையில் இருந்தது.

2012 செப்டம்பரில் சாம்சங் இதையெல்லாம் எழுதி, புது விசாரணை வேண்டும் என்று மனுப் போட்டது. டிசம்பர் 17 அன்று நீதிபதி தள்ளுபடி செய்தார். ஜூரித் தலைவரைக் கூப்பிட்டு ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

அந்த மனிதர் பகையை மனதில் வைத்துத் தீர்ப்புச் சொன்னாரா என்பது எனக்குத் தெரியாது. கேட்டுப் பார்க்கவாவது ஒரு வழி இருந்திருக்க வேண்டாமா? உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

#2 கார்முகில்

இதில் விவாதிக்க என்ன இருக்கிறது? 2008 வழக்கு ஞாபகம் இருக்கிறது, தன்னைத் திவாலாக்கிய வழக்கு ஞாபகம் இல்லையா? வீடு போகும் நிலைக்கு வந்த சண்டையை யாராவது மறப்பார்களா? என் அப்பா 1988இல் ஒரு வரப்புத் தகராறுக்காகக் கோர்ட்டு ஏறி இறங்கினார். இன்றைக்கும் வாய்தா தேதி முதற்கொண்டு சொல்வார்.

பிறகு நிருபர்கள் கேட்டபோது, கடந்த 10 வருஷத்து வழக்குகளை மட்டும்தான் கேட்டார்கள் என்று அந்த மனிதர் சொல்லியிருக்கிறார். நீதிமன்றப் பதிவில் நீதிபதி கேட்ட கேள்வியைப் படித்துப் பாருங்கள். பத்து வருஷம் என்ற பேச்சே அதில் இல்லை. மறைத்தார் என்பதுதான் என் முடிவு.

#3 வழக்காடி சேகர்

கார்முகில், கோபம் புரிகிறது. ஆனால் மறைத்தார் என்பது ஒரு கேள்வி, அதனால் தீர்ப்பு செல்லாது என்பது வேறு கேள்வி. நான் சென்னையில் சிவில் பக்கம் பிராக்டிஸ் செய்கிறேன். அமெரிக்கச் சட்டம் என் துறை இல்லை, என்றாலும் நீதிபதி கோவின் உத்தரவை முழுதாகப் படித்திருக்கிறேன்.

அங்கே இதற்கு 1984இல் உச்ச நீதிமன்றம் வைத்த அளவுகோல் உண்டு. மெக்டோனோ வழக்கு என்பார்கள். புது விசாரணை கேட்பவர் இரண்டைக் காட்ட வேண்டும். ஒன்று, முக்கியமான கேள்விக்கு ஜூரர் நேர்மையாகப் பதில் சொல்லவில்லை. இரண்டு, சரியான பதில் சொல்லியிருந்தால் அதையே காரணமாகக் காட்டி அவரை விலக்கியிருக்க முடியும். இரண்டும் சேர வேண்டும், ஒன்று மட்டும் போதாது.

ஆனால் நீதிபதி அதற்குள்ளே முழுதாகப் போகவே இல்லை. அதற்கு முந்தைய படியிலேயே நிறுத்திவிட்டார். காரணம், அந்த மனிதர் சீகேட்டில் வேலை பார்த்ததை மறைக்கவில்லை. தேர்வின்போதே சொன்னார். சாம்சங் வழக்கறிஞர்களுக்கும் ஜூரர்களைக் கேள்வி கேட்க நேரம் கொடுக்கப்பட்டிருந்தது. சீகேட் தங்கள் கட்சிக்காரர் பெரும் பங்கு வைத்திருக்கும் நிறுவனம் என்பது அவர்களுக்குத் தெரியாமல் இருக்காது. "எப்படி வேலையை விட்டீர்கள்? ஏதாவது மனத்தாங்கல் உண்டா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் எல்லாம் வெளியே வந்திருக்கும். கேட்கவில்லை. அவர் பெயரில் இருந்த பழைய வழக்கையும் திவால் மனுவையும் தேடி எடுக்கவில்லை. தோற்ற பிறகுதான் தேடினார்கள். நியாயமான அக்கறை காட்டியிருந்தால் தீர்ப்புக்கு முன்பே தெரிந்திருக்கும், ஆகவே இந்த ஆட்சேபத்தை எழுப்பும் உரிமையை இழந்துவிட்டீர்கள் என்றார் நீதிபதி.

எனக்கு அது சரியான முடிவாகத்தான் படுகிறது. இல்லாவிட்டால் ஒவ்வொரு கட்சிக்காரரும் ஒரு ஜூரரின் குறையைத் தெரிந்தே மடியில் வைத்துக்கொண்டு, ஜெயித்தால் சும்மா இருந்து, தோற்றால் எடுத்து நீட்டுவார்கள்.

#4 தேர்முட்டி

சேகர் சார், உரிமை இழப்பு வாதத்தை ஏற்கிறேன். உத்தரவின் அந்தப் பகுதியில் எனக்குக் குறை இல்லை. முதல் பதிவில் சீகேட்டைப் பற்றியே நீளமாக எழுதிவிட்டேன், அது என் தவறு.

என்னை உறுத்துவது அதற்கு அப்புறம் நடந்தது. தீர்ப்பு வந்த சில நாட்களுக்குள் ஜூரித் தலைவர் பல பேட்டிகள் கொடுத்தார். அவரே ஒரு காப்புரிமை வைத்திருப்பவர், வீடியோ சம்பந்தப்பட்டது. முதல் நாள் கலந்தாய்வு முடிந்து வீட்டுக்குப் போய் யோசித்தபோது, இது என் காப்புரிமையாக இருந்தால் என்னால் காப்பாற்ற முடியுமா என்று தன்னையே கேட்டுக்கொண்டதாகவும், முடியும் என்று தோன்றியதும் பார்வையே மாறிவிட்டதாகவும் சொன்னார். மறுநாள் அதை மற்றவர்களுக்கு விளக்கினார். சிநெட் தளத்துக்குப் பேசிய இன்னொரு ஜூரர், பிரையர் ஆர்ட் (அதையே முன்பே யாராவது செய்ததற்கான சான்று) பற்றி முதலில் சூடான வாக்குவாதம் நடந்தது, தலைவர் தன் அனுபவத்தை வைத்துச் சொன்ன பிறகு வேலை சுலபமாகிவிட்டது என்றார்.

ராய்ட்டர்ஸிடம் தலைவர் சொன்னதையும் சேர்த்துப் பாருங்கள். தொகை வெறும் கையில் தட்டுவதாக இருக்கக் கூடாது, வலிக்க வேண்டும், ஆனால் அநியாயமாகவும் இருக்கக் கூடாது என்று எண்ணினார்களாம். ஜூரிக்கு நீதிபதி கொடுத்த எழுத்து அறிவுரை 109 பக்கம். இழப்பீடு என்பது காப்புரிமைக்காரரின் நஷ்டத்தை ஈடுகட்ட, எதிராளியைத் தண்டிக்க அல்ல என்று அதில் தெளிவாக இருக்கிறது.

ஜூரர் தேர்வின்போது நீதிபதி காப்புரிமை அனுபவம் உள்ளவர்களிடம் தனியாகவே கேட்டார்: உங்கள் சொந்த அனுபவத்தில் தெரிந்த சட்டத்தை வைத்து அல்லாமல், நான் சொல்கிற சட்டத்தை வைத்து முடிவெடுப்பீர்களா? ஆமாம் என்றார் இந்த மனிதர். எனக்கு சீகேட்டைவிட இந்த "ஆமாம்" பெரியதாகத் தெரிகிறது.

#5 மின்மணி

தேர்முட்டி தொட்ட இடம் என் பிழைப்பு சம்பந்தப்பட்டது, அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். பெங்களூரில் காப்புரிமை மனு எழுதும் வேலையில் இருக்கிறேன். பிரையர் ஆர்ட் என்பதை முன்னோடிச் சான்று என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் காப்புரிமை கேட்கும் விஷயத்தை அதற்கு முன்பே யாராவது செய்து வெளியில் காட்டியிருந்தால், அல்லது ஏற்கெனவே இருப்பதிலிருந்து துறை தெரிந்த ஒருவர் சுலபமாக எட்டக்கூடியது என்றால், உங்கள் காப்புரிமை நிற்காது.

இந்த வழக்கில் சாம்சங் கொண்டுவந்த சான்றுகளில் ஒன்று டயமண்ட்டச். மாசசூசெட்ஸ் கேம்பிரிட்ஜில் இருந்த மிட்சுபிஷி ஆய்வகத்தில் செய்தது. ஒரு மேஜை. மேலே புரொஜெக்டர் தொங்கும், படம் மேஜைமேல் விழும், விரலால் தொட்டு நகர்த்தலாம். ஐபோன் வருவதற்கு முன்பே அங்கே டேபிள்க்ளாத் என்று ஒரு சின்ன நிரல் ஓடியது. மேஜைமேல் விழுந்த படத்தை இழுத்துவிட்டுக் கையை எடுத்தால் அது பழைய இடத்துக்கே திரும்பிப் போகும். ஆப்பிளின் 381 எண் காப்புரிமை எதைப் பற்றியது? பட்டியலின் கடைசிக்கு இழுத்தால் ஓரம் தெரிந்து, விரலை எடுத்ததும் ரப்பர் மாதிரித் திரும்பி வருவது. இரண்டும் ஒன்றா இல்லையா என்பது நேர்மையாகவே வாதாடக்கூடிய கேள்வி. ஓரத்துக்கு அப்பால் என்ன தெரிகிறது, எந்தத் திசையில் திரும்புகிறது என்று ஒவ்வொரு சொல்லாக ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

ஜூரித் தலைவர் பேட்டியில் சொன்ன காரணம் அந்த ஒப்பீடே அல்ல. பழைய கருவியின் மென்பொருளை ஆப்பிளின் பிராசஸரில் ஏற்ற முடியாது, ஆப்பிளுடையதை அதில் ஏற்ற முடியாது, ஆகவே ஒன்றுக்கு ஒன்று மாற்றிப் போட முடியாதது, ஆகவே அது முன்னோடிச் சான்று ஆகாது என்ற பொருளில் சொன்னார். சட்டத்தில் இப்படி ஒரு விதியே கிடையாது. 109 பக்க அறிவுரையிலும் கிடையாது.

கோயம்புத்தூர்க்காரர்களுக்குப் புரிகிற மாதிரிச் சொல்கிறேன். மாவு அள்ள வசதியாகச் சாய்க்கக்கூடிய கிரைண்டரை நான்தான் முதலில் செய்தேன் என்று காப்புரிமை வாங்குகிறேன். பத்து வருஷம் முன்பே பீளமேட்டில் ஒருவர் சாய்க்கும் கிரைண்டர் செய்து விற்றிருக்கிறார். அவருடைய மோட்டார் என் கிரைண்டரில் பொருந்தாது, பெல்ட் அளவு வேறு. அதனால் நான்தான் முதல் ஆள் என்று ஆகிவிடுமா? சாய்ப்பது எப்படி என்பதுதானே கேள்வி.

நியாயத்துக்கு இதையும் சொல்ல வேண்டும். காப்புரிமை செல்லாது என்று நிரூபிக்க அங்கே சாதாரணச் சான்று போதாது, தெளிவான, நம்பவைக்கும் சான்று வேண்டும். 2011இல் மைக்ரோசாஃப்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. ஆகவே சட்டத்தைச் சரியாகப் புரிந்துகொண்ட ஜூரியும் ஆப்பிள் பக்கமே முடிவு சொல்லியிருக்கலாம். ஆனால் இந்த ஜூரி சரியான கேள்வியைத் தன்னிடம் கேட்டுக்கொண்டதா என்பதே சந்தேகமாக இருக்கிறது.

#6 நெய்தல்

அந்த மனிதருக்காக நான் பேசுகிறேன், யாராவது பேச வேண்டும்.

அவர் தானாகக் கை தூக்கி ஜூரியில் உட்காரவில்லை. வீட்டுக்குக் கடிதம் வந்தது, போனார். காப்புரிமை வைத்திருப்பதைச் சொன்னார், சீகேட்டில் வேலை பார்த்ததைச் சொன்னார். இரண்டு பக்கமும் அவரை விலக்கியிருக்கலாம். ஃபெடரல் சிவில் வழக்கில் காரணமே சொல்லாமல் ஜூரரை விலக்க ஒவ்வொரு தரப்புக்கும் குறைந்தது மூன்று வாய்ப்பு உண்டு. சாம்சங் அவரை விலக்கவில்லை. தொழில்நுட்பம் தெரிந்த ஒருவர் இருக்கட்டும் என்று நினைத்திருப்பார்கள்.

சீகேட் பகைக் கதையை யோசித்துப் பாருங்கள். 1993இல் ஒரு நிறுவனத்தோடு சண்டை. 18 வருஷம் கழித்து அந்த நிறுவனத்தில் இன்னொரு நிறுவனம் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக வாங்குகிறது. அது தெரிந்து, அதற்காக வன்மம் வளர்த்து, எட்டுப் பேரையும் ஏமாற்றிப் பழிவாங்கினார் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை. மற்ற எட்டுப் பேரும் சொந்தப் புத்தி உள்ளவர்கள்தானே.

ஆப்பிளின் தலைமையகம் இருக்கும் கூப்பர்டினோ பக்கத்திலேயே இருக்கிறது, அதனால் சாய்ந்துவிட்டார்கள் என்று சிலர் எழுதுவார்கள். அதே ஆகஸ்ட் 24 அன்று, சில மணி நேரம் முன்னால், சியோலில் ஒரு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அங்கே ஜூரி இல்லை, நீதிபதிகள்தான். அவர்கள் சாம்சங்கின் இரண்டு காப்புரிமைகளை ஆப்பிள் மீறியது, ஆப்பிளின் ஒன்றை சாம்சங் மீறியது என்றார்கள். சொந்த ஊர்ப் பாசம் என்று பேச ஆரம்பித்தால் அதையும் பேச வேண்டும். நான் பேச விரும்பவில்லை.

#7 செல்வி, சான் ஹோசே

நெய்தல் சொன்னதில் பாதிக்கு நான் சாட்சி. இங்கே குடியுரிமை வாங்கிய பிறகு எனக்கும் ஜூரர் அழைப்பு வந்தது. மாவட்ட நீதிமன்றம், கார் விபத்து இழப்பீட்டு வழக்கு, இவ்வளவு பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. ஆனால் அந்தக் கேள்வி காதில் எப்படி விழும் என்பதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது.

காலையில் ஒரு பெரிய ஹாலில் நூறு பேருக்கு மேல் உட்கார்ந்திருந்தோம். பத்தரை மணிக்குப் பெயர் கூப்பிட்டு மேல்மாடிக்கு அழைத்துப் போனார்கள். என்னைப் பெட்டிக்குள் ஏழாவது நாற்காலியில் உட்காரவைத்தார்கள். கேள்விகள் அச்சடித்த ஒரு தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கைக்குக் கை மாற்றினோம். என் முறை வந்தபோது தாள் என் கையில், மைக் இன்னொரு கையில். தொழில் என்ன, வீட்டில் யார் யார், முன்பு ஜூரியில் இருந்ததுண்டா, வழக்கில் சம்பந்தப்பட்டதுண்டா. எதிரே நீதிபதி, பக்கவாட்டில் இரண்டு மேஜை நிறைய வழக்கறிஞர்கள் என் முகத்தையே பார்க்கிறார்கள். என் ஆங்கிலம் சரியாக வர வேண்டுமே என்ற கவலைதான் மனசெல்லாம். வழக்கு என்ற கேள்விக்கு "இல்லை" என்று சொல்லிவிட்டு மைக்கை அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டேன். மொத்தம் ஒரு நிமிஷம் இருக்கும்.

அன்று ராத்திரி மறுநாளைக்கு இட்லிக்கு ஊறப்போட அரிசி அளந்துகொண்டிருந்தபோது சட்டென்று ஞாபகம் வந்தது. ஒன்பது வருஷம் முன்னால் பழைய வீட்டுக்காரர் அட்வான்ஸைத் திருப்பித் தரவில்லை என்று என் கணவர் சிறு வழக்கு நீதிமன்றத்தில் மனுக் கொடுத்தார். நானே சாட்சியாகப் போய் ரசீதுகளைக் காட்டினேன். அது ஒரு வழக்கு என்றே என் மனசில் பதியவில்லை. கைகால் நடுங்கிவிட்டது.

அதனால் கார்முகில், மறக்க முடியுமா என்று கேட்டீர்களே, முடியும். ஆனால் திவாலாகும் அளவுக்குப் போன வழக்கை மறக்க முடியுமா என்றால், எனக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை.

#8 கார்முகில்

செல்வி அக்கா, உங்கள் பதிவைப் படித்த பிறகு "மறைத்தார் என்பதுதான் என் முடிவு" என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். மறைத்தாரா என்று விசாரித்திருக்க வேண்டும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். ஆனால் பத்து வருஷம் என்று அவர் சொன்ன விளக்கம் இன்னும் எனக்கு ஒட்டவில்லை.

#9 யாழ் வடலி

இலங்கையில் இன்றைக்கும் மேல் நீதிமன்றத்தில் சில குற்ற வழக்குகளுக்கு ஏழு பேர் கொண்ட யூரி வைக்கச் சட்டத்தில் இடமிருக்கு, ஆனால் காப்புரிமை வழக்குக்கு இல்லை. அதனால் எனக்கு இது முழுக்கப் புதுசு. ஒரு சந்தேகம் கேட்கிறன். தேர்முட்டி சொன்ன பேட்டிகள் எல்லாம் பத்திரிகையில வந்தவை. அவரே வாயால சொன்னது. அதை நீதிபதி ஏன் சான்றாக எடுக்கேல்லை? வீதியில நிக்கிற எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம் நீதிமன்றத்துக்கு மட்டும் தெரியாதோ?

செல்வி அக்கா, பிறகு என்ன செய்தனீங்கள்? பாதியில விட்டிட்டீங்கள்.

#10 வழக்காடி சேகர்

யாழ் வடலி, இழையின் நல்ல கேள்வி இது.

ஃபெடரல் சாட்சிய விதிகளில் 606 (பி) என்று ஒன்று உண்டு. தீர்ப்பு வந்த பிறகு, கலந்தாய்வு அறையில் யார் என்ன சொன்னார், எதனால் மனம் மாறினார் என்பதை ஒரு ஜூரர் வாயால் கேட்டுத் தீர்ப்பைக் கலைக்கக் கூடாது. விதிவிலக்கு மூன்றுதான். வெளியிலிருந்து தகவல் உள்ளே வந்தது, வெளியாள் ஒருவர் அழுத்தம் கொடுத்தார், தீர்ப்புத் தாளில் கைதவறி மாற்றி எழுதிவிட்டார்கள். நீதிபதி கோ இந்த விதியைச் சொல்லித்தான் பேட்டிகளை ஒதுக்கினார்.

சாம்சங், அவருடைய காப்புரிமை அறிவு வெளித்தகவல்தானே என்று வாதாடியது. ஜூரர் ஒருவர் தலைக்குள் ஏற்கெனவே இருக்கும் அனுபவம் வெளித்தகவல் ஆகாது என்பது அங்கே பழகிவந்த நிலை. அகராதியைப் பார்த்துவிட்டு வந்தால் வெளித்தகவல், படித்த படிப்பு நினைவில் இருந்தால் இல்லை.

விதி கடுமையானது. 1987இல் டானர் என்ற வழக்கில், விசாரணை நடந்த நாட்களில் ஜூரர்கள் மது குடித்தார்கள், போதைப் பொருள் எடுத்தார்கள் என்று சக ஜூரர்களே சொல்ல முன்வந்தும் உச்ச நீதிமன்றம் கேட்க மறுத்தது. 2014இல் வார்கர் வழக்கு நம் விஷயத்துக்கு இன்னும் நெருக்கம். ஒரு ஜூரர் தேர்வின்போது பொய் சொன்னார் என்பதை நிரூபிக்க, கலந்தாய்வு அறையில் அவர் பேசியதைக் காட்டலாமா என்று கேட்டார்கள். கூடாது என்றது நீதிமன்றம், ஒருமனதாக. 2017இல்தான் ஒரு கதவு திறந்தது. பேன்யா ரோட்ரிகஸ் வழக்கில், இன வெறுப்பால்தான் குற்றவாளி என்றேன் என்று ஒரு ஜூரர் வெளிப்படையாகச் சொல்லியிருந்தால் மட்டும் அந்தச் சாட்சியத்தைக் கேட்கலாம் என்றார்கள்.

ஏன் இவ்வளவு பூட்டு? தோற்ற கட்சிக்காரர் ஒவ்வொரு ஜூரர் வீட்டுக் கதவையும் தட்டுவார். மிரட்டுவார், கெஞ்சுவார், காசு காட்டுவார். அறைக்குள் பயமில்லாமல் பேச முடியாது. இதை நான் மதிக்கிறேன்.

#11 தேர்முட்டி

சேகர் சார், அந்தப் பூட்டின் காரணத்தை நானும் மதிக்கிறேன். ஆனால் அதே வழக்கில், அதே நீதிபதி, அதே ஜூரியின் இன்னொரு தவறை எப்படிப் பிடித்தார் என்று பாருங்கள். இதைச் சொல்லத்தான் இந்த இழையையே தொடங்கினேன்.

தீர்ப்புப் படிவம் 20 பக்கம். எல்லாக் கட்டத்தையும் எண்ணினால் எழுநூறுக்கு மேல் முடிவுகள். ஜூரி பேசி முடிக்க எடுத்தது சுமார் 22 மணி நேரம். சராசரியாக ஒரு முடிவுக்கு இரண்டு நிமிடம்கூட இல்லை. தீர்ப்பைப் படித்த அன்றே, இரண்டு கருவிகளுக்கு மீறல் இல்லை என்று எழுதிவிட்டு நஷ்ட ஈடு மட்டும் போட்டிருந்தது தெரிந்தது. திருப்பி உள்ளே அனுப்பித் திருத்தினார்கள். அப்படித்தான் தொகை 104.9 கோடிக்கு வந்தது.

அப்புறம் 2013 மார்ச் 1. கேலக்ஸி ப்ரிவெய்ல் என்ற போனுக்கு ஜூரி போட்ட தொகை 5,78,67,383 டாலர். மொத்தமாக ஒரு முழு எண் அல்ல, கடைசி டாலர் வரை போகிற எண். இது எங்கிருந்து வந்தது என்று நீதிபதி பார்த்தார். ஆப்பிளின் நிபுணர் அந்த போனில் சாம்சங்குக்கு எவ்வளவு லாபம் என்று கொடுத்திருந்த கணக்கில் 40% எடுத்தால் சரியாக அந்த எண் வருகிறது. ஆனால் ப்ரிவெய்ல் மீறியதாக ஜூரி சொன்னது செயல்பாட்டுக் காப்புரிமைகளை, அதாவது எப்படி வேலை செய்கிறது என்பதற்கானவற்றை மட்டும்தான். எதிராளியின் லாபத்தைப் பிடுங்கிக் கொடுக்கச் சட்டம் அனுமதிப்பது வடிவக் காப்புரிமைக்கு, அதாவது தோற்றத்துக்கானதற்கு. செயல்பாட்டுக் காப்புரிமைக்கு அனுமதி இல்லை. இதையும், வேறு கருவிகளில் எந்தத் தேதியிலிருந்து நஷ்டம் கணக்கிட வேண்டும் என்பதில் நடந்த பிழையையும் சேர்த்து, 14 கருவிகளுக்கான 45.05 கோடி டாலரை நீக்கினார். அந்தப் பகுதிக்குப் புது ஜூரி, 2013 நவம்பரில் 29 கோடி என்றது.

ஒரு ஜூரரையும் அழைக்காமல், ஒரு கதவையும் தட்டாமல், அறைக்குள் ஒன்பது பேர் என்ன செய்தார்கள் என்பதை எண்ணிலிருந்தே படித்துவிட்டார் நீதிபதி. எண் தடயம் விட்டது. ஆனால் மின்மணி சொன்னாரே அந்த பிராசஸர் விளக்கம், அது படிவத்தில் என்னவாக இருக்கிறது? "செல்லுமா?" என்ற கேள்விக்கு எதிரே ஒரு டிக். சரியான காரணத்துக்குப் போட்ட டிக்கும் தவறான காரணத்துக்குப் போட்ட டிக்கும் ஒரே மாதிரித்தான் இருக்கும்.

நெய்தல், நீங்கள் சொல்கிற மாதிரி அவர் வன்மக்காரர் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். நல்ல மனசோடு, தனக்குத் தெரிந்ததைச் சொல்லிக்கொடுத்தார். இரண்டு தரப்பின் நிபுணர்களும் கூண்டில் ஏறி, குறுக்கு விசாரணையில் அடிபட்டுத்தான் ஒரு வார்த்தை சொல்ல முடிந்தது. ஒவ்வொரு தரப்புக்கும் மொத்தமே 25 மணி நேரம்தான். ஆனால் ஜூரி அறைக்குள் பேசிய இந்த நிபுணரை யாரும் குறுக்கு விசாரணை செய்ய முடியவில்லை. மற்ற எட்டுப் பேருக்கும் களைப்பு, படிவம் நீளம், தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். நான் அங்கே இருந்தால் நானும் தலையாட்டியிருப்பேன்.

#12 மின்மணி

ஆமாம். சீகேட் விஷயம்தான் தலைப்புச் செய்தி ஆனது. ஆப்பிளின் மூன்று செயல்பாட்டுக் காப்புரிமைகளும் செல்லும் என்று ஜூரி சொன்ன கதை அதன் நிழலில் போய்விட்டது.

#13 நெய்தல்

தேர்முட்டி, அந்தக் கடைசிப் பத்திக்கு என்னிடம் பதில் இல்லை. அவர் கெட்டவர் அல்ல என்று வாதாட வந்தேன், நீங்கள் அதைக் கேட்கவே இல்லை.

ஆனால் என்ன செய்வது என்று சொல்லுங்கள். தொழில்நுட்பம் தெரிந்தவரையே ஜூரியில் சேர்க்கக் கூடாது என்றால், பிறகு இந்த மாதிரி வழக்கை யார் தீர்மானிப்பது? பிரிட்டனில் நீதிபதி தனியாகத்தான். அதே 2012 ஜூலையில் நீதிபதி காலின் பிர்ஸ், சாம்சங் டேப்லெட் ஆப்பிள் வடிவத்தை மீறவில்லை, அந்த அளவுக்கு அது கூலாக இல்லை என்று காரணத்தோடு எழுதினார். அமெரிக்காவில் ஏழாவது திருத்தம் சிவில் வழக்கிலும் ஜூரி உரிமையைக் கொடுத்திருக்கிறது, எடுக்க முடியாது.

#14 வழக்காடி சேகர்

எடுக்க வேண்டியதில்லை. கேட்கிற விதத்தை மாற்றினாலே பாதி சரியாகும். வாயால் கேட்டு வாயால் பதில் வாங்குவதற்குப் பதில், வீட்டுக்கே முன்கூட்டி அனுப்பும் எழுத்துப் படிவம். "எப்போதாவது, எத்தனை வருஷம் முன்னால் இருந்தாலும்" என்ற சொற்கள் அதில் இருக்க வேண்டும். சில வழக்குகளில் இப்படிச் செய்கிறார்கள்.

மறுபாதிக்கு, அதாவது அந்த டிக்குக்கு, ஒரு வழி இருக்கிறது. வெறும் செல்லும், செல்லாது என்று கேட்காமல், முன்னோடிச் சான்றில் எந்த அம்சம் இல்லை என்று முடிவு செய்தீர்கள் என்று தனித்தனியாகக் கேட்டு எழுதச் சொல்லலாம். ஃபெடரல் விதிகளில் அப்படிச் சிறப்புத் தீர்ப்புக் கேட்க இடம் உண்டு. எழுநூறு கட்டத்தை நிரப்பிய ஜூரிக்கு இன்னும் சில கேள்வி பாரம்தான். ஆனால் ப்ரிவெய்ல் எண் மாதிரி இதுவும் தடயம் விட்டிருக்கும்.

இந்த வழக்கு அப்புறம் போன தூரம் தெரியும்தானே. 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் வடிவக் காப்புரிமை நஷ்ட ஈட்டைக் கணக்கிடும் முறையையே மாற்றியது. 2018 மேயில் இன்னொரு ஜூரி 53.9 கோடி என்றது. ஜூனில் இருவரும் சமரசம் செய்துகொண்டார்கள். ஏழு வருஷம் மேலே கீழே போனது தொகைதான். ஜூரித் தலைவரிடம் மட்டும் நீதிமன்றத்தில் யாரும் எதுவும் கேட்கவில்லை.

#15 யாழ் வடலி

விளக்கத்துக்கு நன்றி ஐயா. செல்வி அக்கா, நீங்கள் இன்னும் சொல்லேல்லை.

#16 செல்வி, சான் ஹோசே

மன்னிக்கவும் தம்பி, வேலைக்குப் போய்விட்டேன்.

மறுநாள் காலை எட்டே முக்காலுக்கே போய், வாசலில் நின்ற காவலரிடம் ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்தேன். "நேற்று நான் சொன்ன ஒரு பதில் தவறு, ஏழாவது ஜூரர்" என்று மட்டும் எழுதியிருந்தேன். மற்றவர்கள் உள்ளே வருவதற்கு முன் என்னை மட்டும் கூப்பிட்டார்கள். நீதிபதி இருந்தார், இரண்டு தரப்பு வழக்கறிஞர்களும் நின்றுகொண்டிருந்தார்கள், தட்டச்சு செய்கிற அம்மா உட்கார்ந்திருந்தார். யார் போட்ட வழக்கு, என்ன ஆனது என்று நீதிபதி கேட்டார். பாதிப் பணம் வந்தது என்றேன். அதனால் இந்த வழக்கில் யார் மேலாவது மனம் சாயுமா என்று கேட்டார். யோசித்துப் பார்த்துவிட்டு இல்லை என்றேன். வாதி தரப்பு வழக்கறிஞர் ஒரு கேள்வி கேட்டார், வீட்டுக்காரருக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி இருந்ததா என்று. இல்லை என்றேன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டு, ஆட்சேபம் இல்லை என்றார்கள். மூன்று நிமிஷம் இருக்கும். போய் ஏழாவது நாற்காலியில் உட்கார்ந்தேன். வழக்கு முடியும் வரை அங்கேதான் இருந்தேன்.